செய்வினை என்று எழுதிய ஓட்டை

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட. இரண்டு ஓட்டைக்கு நடுவில் தவித்துப்போன ஒரு டீச்சரம்மாவின் கதை சொல்கிறேன். கையில் இருக்கிற காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

மாமல்லபுரத்துக் கடலோரம் ஒரு மண்டபம். காலை பதினோரு மணி. நிச்சயதார்த்தம்.

மேடை ஓரத்தில் பேஸ் கிடாரை மாட்டிக்கொண்டு ஷாரோன் நின்றாள். நின்றாள் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறிக்கொண்டே இருந்தாள்.

செங்கல்பட்டில் இங்கிலீஷ் டீச்சர் அவள். முப்பத்தெட்டு வயதில் கிடார் கற்றுக்கொண்டு, இரண்டு வருஷமாகப் பூபாலனின் குழுவில் வாசிக்கிறாள். வாரம் முழுக்க விடைத்தாள் திருத்துகிற கைக்குச் சனிக்கிழமை மட்டும்தான் சொந்தம்.

அந்தச் சனிக்கிழமைக்குத்தான் இப்போது ஆபத்து. போன இரண்டு விசேஷத்திலும் அவள் கிடார் 'கொர்ர்' என்று கத்தி மானத்தை வாங்கிவிட்டது.

"இன்னிக்கும் கத்துச்சுன்னா நீங்க வூட்லயே இருந்துக்கோங்க டீச்சர். பேஸ, கீபோர்டுல என் எடது கையே பாத்துக்கும்" என்று பூபாலன் வேனிலேயே சொல்லிவிட்டான்.

குற்றம் கிடாருடையது இல்லை. ஒலியைப் பெரிதாக்குகிற ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் இரண்டு ஓட்டை. ஒன்று ஆக்டிவ், ஒன்று பேசிவ். ஷாரோனுடையது பேட்டரி போட்ட கிடார். அதை ஆக்டிவில்தான் சொருக வேண்டும். பேசிவ், பேட்டரி இல்லாத கிடாருக்கு. அதில் போய் இதைச் சொருகினால், வயிறு முட்டத் தின்ற பிள்ளைக்கு மறுபடியும் ஊட்டின கதைதான். எதுக்களிக்கும்.

வாடகைப் பெட்டி அது. பெயர்களை உப்புக்காற்று தின்றுவிட்டது. மைக்செட் தனகோடி எந்த ஓட்டை கைக்கு வருகிறதோ அதில் சொருகிவிடுவார்.

அதனால்தான் இன்றைக்கு வேனில் வரும்போதே தாளும் பசையும் எடுத்தாள் ஷாரோன்.

"நமக்கு இங்கிலீசு வராது டீச்சரம்மா. தமிழ்ல எழுதி ஒட்டிடுங்க, கரீட்டா சொருவிடறேன்" என்றார் தனகோடி.

ஆக்டிவுக்கும் பேசிவுக்கும் அவளுக்குத் தெரிந்த தமிழ், வகுப்பறைத் தமிழ்தான். முதல் ஓட்டையின் மேல் 'செய்வினை'. இரண்டாவதன் மேல் 'செயப்பாட்டுவினை'. முத்து முத்தான கையெழுத்து.

தனகோடி சொன்னபடியே செய்வினையில் சொருகினார். சோதித்துப் பார்க்கத்தான் வழியில்லை. பாஸ்டர் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். ஆமென் சொன்னதும் பாட்டு. முதல் சத்தமே ஊருக்கு முன்னால்தான் வரும்.

அப்போது மாப்பிள்ளையின் அத்தை சந்திரம்மா, பூச்சாடியை வைக்க மேடைப் பக்கம் வந்தாள். குனிந்தாள். படித்தாள்.

"இன்னாம்மா இது? எங்க புள்ள நிச்சயதார்த்தத்துல செய்வினை வெக்க வந்தவ, பேரு எழுதியே வெச்சிக்கீற?"

ஷாரோனுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அவளுக்கு அது வினைச்சொல். சந்திரம்மாவுக்கு அது முட்டையும் எலுமிச்சம்பழமும் மந்திரத் தகடும்.

"ஐயோ அம்மா, இது இலக்கணம்..."

"இலக்கணமோ தலக்கனமோ! ஒயர அதுலேர்ந்து புடுங்கு. இல்லாங்காட்டி ஜெபத்த நிறுத்திடுவேன்."

பாஸ்டர் முடிக்கிற இடத்துக்கு வந்துவிட்டார். பூபாலன் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து முறைத்தான். விளக்கம் சொல்ல நேரமில்லை. ஷாரோன் ஒயரைப் பிடுங்கி இரண்டாவது ஓட்டையில் சொருகினாள். சொருகும்போதே சனிக்கிழமைகள் கைவிட்டுப் போவது தெரிந்தது.

சந்திரம்மா நகரவில்லை. பெட்டிக்குப் பக்கத்திலேயே இடுப்பில் கை வைத்துக் காவல் நின்றாள்.

ஆமென்.

ஷாரோன் கிடாரின் சத்தத்தைக் கால்வாசிக்குக் குறைத்தாள். தூங்குகிற பிள்ளையைத் தொடுகிற மாதிரி முதல் கம்பியைத் தொட்டாள்.

தும்.

அரைவாசி வைத்தாள். தும், தும். முழுசாகத் திருகினாள். கனமாக, உருண்டையாக, தரை வழியாகவே போய் ஜனங்களின் பாதத்தைத் தட்டியது ஒலி.

அதை அனுபவிக்க அவளால் முடியவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும், இதோ கத்தப்போகிறது, இதோ கத்தப்போகிறது என்று காத்திருந்தாள். நாலு பாட்டு முடிந்தது. கத்தவில்லை.

"இன்னா டீச்சர், இன்னிக்கி பொட்டிப்பாம்பா கீது!" என்றான் பூபாலன். "அடுத்த சனிக்கெழம மறைமலைநகர். காலைல ஏழு மணிக்கெல்லாம் வேனு வந்துடும்."

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ஷாரோனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கத்த வேண்டியது ஏன் கத்தவில்லை?

பெட்டியின் முன் உட்கார்ந்து, நகத்தால் 'செயப்பாட்டுவினை'யை உரித்தாள். காய்ந்த பசையோடு உப்பும் அழுக்கும் பெயர்ந்து வந்தன. அடியில், கூடாரம் போட்டது மாதிரி, மங்கலாக, அழிந்துபோன ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்து.

ஏ. ஆக்டிவின் ஏ.

பாடத்தில் செய்வினைதான் முதலில் வரும். பதினாலு வருஷமாகக் கரும்பலகையில் எழுதிய வரிசையிலேயே அவள் கை ஒட்டிவிட்டது. பெட்டி செய்தவன் அவள் வகுப்பில் படித்தவன் இல்லை.

பந்தியில் சந்திரம்மா நாலு பெண்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் மட்டும் பாக்காம வுட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

ஷாரோன் நேராகப் போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"கத்தியிருக்கும்மா" என்றாள், மனசார.

நாலு பெண்களும் நடுங்கிப்போய் "ஸ்தோத்திரம்" என்றார்கள்.

நல்லா இருங்க கண்ணுங்களா. உங்கள் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றும் பாட்டும் பந்தியுமாக நிறையட்டும். நீங்கள் தப்பாக மாட்டி வைத்ததைப் பிடுங்கிப் போட, உங்கள் வாசலுக்கும் ஒரு சந்திரம்மா வரட்டும்.