டெலஸ்கோப் என்ற இடத்தில் ஒரு கோடு

அண்ணன் படத்தோடு மூக்கு உரசும் அளவுக்கு நெருங்கி நின்றார்.

நூலகத்தின் மாடிக் கூடத்தில் வானப் படக் கண்காட்சி. கடைக்கு விடுமுறை என்பதால் அவர் தங்கை கல்லாக்காரியும் கணவனோடு வந்திருந்தாள். இரும்புச் சாமான் கடையின் கல்லாவில் இருபது வருடமாக உட்கார்ந்ததில், சொந்தக்காரர்களுக்கும் அவள் கல்லாக்காரிதான்.

அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தது அவள் கணவன் எடுத்த படம். ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம். சாய்ந்து கிடக்கும் பால் சுழல். சுற்றிலும் நட்சத்திரங்கள், ஒவ்வொன்றும் ஊசியால் குத்திய புள்ளி.

இரண்டு படம் தள்ளி அண்ணனுடையது. அதற்குக் கீழே கருவிப் பட்டியல் மளிகைச் சீட்டு போல நீண்டது. ஆள் உயர டெலஸ்கோப் வாங்கியவர், அதைத் தாங்கி வானத்தோடு திருப்பும் மவுண்டில் மட்டும் கையை இறுக்கிவிட்டார். வானம் நகரும் வேகத்துக்கு மவுண்ட் ஈடுகொடுக்கவில்லை. நட்சத்திரங்களெல்லாம் அரை அங்குல ஆணியாக நீண்டிருந்தன.

அவள் கணவன் செய்தது தலைகீழ். டெலஸ்கோப்புக்கு இவ்வளவு, மவுண்டுக்கு இவ்வளவு என்று அவள் பிரித்துக் கொடுத்த மொத்தத்தையும் மவுண்டிலேயே கொட்டிவிட்டு வந்து நின்றான்.

“கடைக்கு முதல்ல ஷட்டர் போட்டோமா, போர்டு மாட்டினோமா?” என்று அவளையே மடக்கினான்.

ஒரு வருடம் அந்த மவுண்ட் வீட்டுக் கூடத்தில் மொட்டையாக நின்றது. அவளே அதில் ஈரக் குடையை மாட்டினாள்.

“மாப்பிள்ளை, சேணம் நிக்குது, குதிரை எப்ப வரும்?” என்பார் அண்ணன், வரும்போதெல்லாம்.

அவள் சிரித்து மழுப்புவாள். போனதோ அவள் எண்ணிக் கொடுத்த பணம். கணவனை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. அண்ணன் வாயால் ஒரு நல்ல வார்த்தை வராமல் இன்று படி இறங்குவதில்லை என்று வந்திருந்தாள்.

கணவனின் படத்துக்குக் கீழிருந்த அட்டையை அண்ணன் படித்தார். டெலஸ்கோப் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும்.

“தொழில் ரகசியமாம்மா? எந்த டெலஸ்கோப்னு சொல்லு. என்ன விலைன்னாலும் நானே எடுத்துக்கிறேன்.”

வாங்க வந்தவரைப் பேசவிடுவது அவளுடைய கல்லாப் பழக்கம்.

“சரி, என்னோடதைக் குடுத்துடறேன். மேல கொஞ்சம் பணமும் தர்றேன். போதுமா?”

கணவன் ஏதோ சொல்ல வந்தான். அவள் அவன் காலை மிதித்தாள்.

பிறகு அவன் தோள்பையைத் திறந்து, தண்ணீர் டம்ளர் அளவுகூட இல்லாத ஒன்றை எடுத்து அண்ணன் உள்ளங்கையில் வைத்தாள்.

கேமரா லென்ஸ். அந்த மவுண்டின் தலையில் கணவன் கேமராவோடு மாட்டியது இதைத்தான். அதன் சொந்த மூடி எப்போதோ தொலைந்துபோய், பசை டப்பாவின் மஞ்சள் மூடி வாயை அடைத்திருந்தது.

அண்ணன் அந்த மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதை அடைத்தவர் அவர்தான். தன் பழைய கேமராவை மாப்பிள்ளை தலையில் கட்டிய அன்று, ஒரு காசு குறைக்க மாட்டேன் என்று நின்று, கடைசியில் தங்கை முகத்துக்காகத் தூசி படிந்த இந்த லென்ஸைச் சும்மா பைக்குள் போட்டுவிட்டவரும் அவர்தான்.

“விலை... சொல்லும்மா,” என்றார். குரல் பாதியாகியிருந்தது.

“கொசுறுக்கு எங்க கடையில விலை சொல்றதில்லண்ணே.”

அண்ணன் அவள் கணவனின் தோளைத் தட்டினார். மஞ்சள் மூடியை அழுத்தி மூடி, லென்ஸை அவன் கையில் வைத்தார். நல்ல வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை, அதுவே போதும்.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, குடை மாட்டச் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.