எலிப்பாலில் மனுஷக் கிருமி

வாயைத் திறந்தால் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று எலிக்கூண்டு கழுவும் அக்கா பயந்துகொண்டே நின்றாள்.

ஆய்வுக்கூடத்தில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்திருந்தார் மேடம்.

"எலிப்பால்ல என்னென்ன பாக்டீரியா இருக்குன்னு பார்க்கத்தான் இத்தனை பாடு. வந்திருக்கறது என்ன? மனுஷத் தோல்ல இருக்கற கிருமி! யாரு கிளவுஸ் இல்லாம எலியைத் தொட்டது?"

எல்லோர் பார்வையும் அக்கா மேல் விழுந்தது.

"அக்காவுக்குத்தான் எலின்னா உசுராச்சே. தாலாட்டுப் பாடாததுதான் பாக்கி," என்றார் சோதனைக் குழாய் அடுக்குகிறவர்.

"நீ சும்மா இரு தம்பி. நான் கனவுலகூட கிளவுஸோடதான் அலையறேன்."

"பின்னே? என்கூட எலி அறைக்குள்ள வர்றது நீங்க ஒருத்தர்தான்," என்றார் மேடம்.

அக்கா மேடத்தைப் பார்த்தாள். கண்ணால் பார்த்ததை இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் வேலை போய்விடும். இந்த வயதில் யார் வேலை தருவார்கள்?

"இனிமே நடக்காது மேடம்."

"ஆக, நீங்கதான்! இன்னொரு தடவை இந்தக் கிருமி வந்துச்சுன்னா, வேற வேலை பார்த்துக்குங்க."

மறுநாள், தாய் எலிக்குப் பால் சேரட்டும் என்று குட்டிகளைப் பிரித்து வைத்தார்கள். அது கம்பியைச் சுரண்டிக்கொண்டே இருந்தது.

"இருடி, உன் பிள்ளைங்க வந்துடுவாங்க," என்றாள் அக்கா.

பால் கறக்க மேடம் எலியை எடுத்து மடியில் வைத்தபோது மேசைமேல் போன் அடித்தது. வீடியோவில் மேடத்தின் அம்மா. பால்குடி மறக்காத பிள்ளையை வெளியூரில் அவரிடம் விட்டுவிட்டுத்தான் மேடம் வேலைக்குத் திரும்பியிருக்கிறார்.

கிளவுஸ் போட்ட விரலுக்கு அந்தப் போன் மசியாது. தினமும் மேடம் வலது கிளவுஸை உருவிவிட்டு, திரையில் பிள்ளையின் கன்னத்தைத் தடவுவார். போன் அணைந்த பிறகும் அந்தக் கை ஓயாது. மடியில் இருக்கும் எலியின் முதுகைத் தடவிக்கொண்டே இருக்கும். அவருக்கே அது தெரியாது.

இன்றும் மேடத்தின் கை கிளவுஸுக்குப் போனது.

அக்கா தன் கிளவுஸை உருவி எறிந்துவிட்டு ஓடினாள். போனை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"உங்க கை அப்படியே இருக்கட்டும் மேடம். நான் பிடிச்சுக்கறேன், நீங்க பாப்பாவைப் பாருங்க."