கேட்கக் கூடாத கேள்வி

"வேற ஏதாச்சும் எங்ககிட்ட சொல்லணுமா, மாத்தேயோ?"

வசந்தாமணி ஆங்கிலத்தில் கேட்டதும் கயலுக்கு எரிச்சல் வந்தது. "அம்மா, ப்ளீஸ்! அவன் வந்ததுல இருந்து நாலாவது டைம் கேக்கறீங்க."

மாத்தேயோவும் கயலும் ஆறு மாதமாகப் பழகுகிறார்கள். அவன் பெர்த் அம்பாய் நகரில் ஸ்பானிஷ் பேசி வளர்ந்தவன். கல்யாணப் பேச்சை எடுக்கவே இன்று பிரிட்ஜ்வாட்டரில் இருக்கும் கயல் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான்.

வசந்தாமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், நிரம்பியிருந்த ஜக்கிலேயே மறுபடி தண்ணீர் ஊற்றினாள்.

"பையனைப் புடிக்கலைன்னா நேராச் சொல்லிரு. இப்படிப் போட்டுக் குடையாத," என்றார் கயலின் அப்பா வேலுமணி அடிக்குரலில்.

அவள் மறுபடியும் மாத்தேயோவைத்தான் பார்த்தாள்.

மாத்தேயோ ஸ்பூனைக் கீழே வைத்தான். "சொல்லணும், ஆன்ட்டி. பிறக்கும்போதே எனக்கு எச்ஐவி. அம்மாகிட்ட இருந்து வந்தது. எனக்கு ஆறு வயசானப்ப அவங்க இறந்துட்டாங்க."

வேலுமணியின் கை தட்டிலேயே நின்றது.

"சித்திதான் வளர்த்தாங்க. வைட்டமின்னு சொல்லித்தான் மாத்திரை குடுப்பாங்க. பன்னெண்டு வயசுலதான் உண்மையைச் சொன்னாங்க. ஸ்கூல்ல ஒரே ஒரு ஃப்ரெண்டுகிட்ட சொன்னேன். மறுநாள் லஞ்ச் டேபிள்ல நான் மட்டும்தான் உக்காந்திருந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டான். "இப்ப தினம் ஒரு மாத்திரை. டெஸ்ட்ல வைரஸ் தெரியறதே இல்ல. என்னால கயலுக்குப் பரவாது. இருந்தாலும் உங்களுக்குத் தெரியணும்."

"கயலுக்கு?" வசந்தாமணி முன்னால் சாய்ந்தாள். "அவளுக்கு இது தெரியுமா?"

"ஃபர்ஸ்ட் மந்த்தே சொல்லிட்டான்மா," என்றாள் கயல். "அவனோட டாக்டரைக்கூட ஒண்ணாப் போய் மீட் பண்ணிட்டு வந்தோம்."

வசந்தாமணி பொத்தென்று நாற்காலியில் விழுந்து, முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள்.

வேலுமணி பதறிப்போனார். "அழுவாத வசந்தா. அதுக்குத்தான் மருந்து இருக்குதுன்னு சொல்றானல்ல?"

"மருந்து இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?" கண்ணைத் துடைத்தபடி நிமிர்ந்தாள். "மூணு வருஷமா அவனுக்கு அந்த மாத்திரையைப் பேர் பார்த்து பேக் பண்ணித் தபால்ல அனுப்பற பார்மசிஸ்டே நான்தானுங்க. நம்ம பொண்ணுகிட்ட சொல்லிட்டானான்னு அவகிட்டகூட வாய் தொறந்து கேக்கறதுக்கு, நோயாளி ரகசியத்தை வெளிய விடக் கூடாதுங்கற சட்டம் விடலீங்களே!"