சிவப்புக் கரை

மெர்டேக்கா சுதந்திர தின நாடகத்துக்காகத் தச்சர் தம்பிராஜா செய்து கொண்டுவந்த மரத் துப்பாக்கியைப் பார்த்து, காஜா பெராங் ஊர் நாடகக் குழுத் தலைவர் கருணாகரன் அசந்துபோனார். வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகள் வைத்திருந்த அதே ஸ்டென் துப்பாக்கி.

"தோள் வாருக்குப் பதிலா சிவப்புச் சேலைக் கரையைக் கட்டியிருக்கீங்களே, அண்ணே?"

"நான் பார்த்ததுல அப்படித்தான் இருந்துச்சு."

"எங்க பார்த்தீங்க?"

"போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல. காட்டுல சுட்டுக் கொண்டாந்து போட்டிருந்த பையன் பக்கத்துல கிடந்துச்சு. அடையாளம் காட்டச் சொல்லி எல்லாரையும் வரிசையில விட்டாங்க."

"யாராச்சும் காட்டினாங்களா?"

"இல்ல. என்னையும் கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன்."

கருணாகரன் அந்தக் கரையைத் தடவிப் பார்த்தார். "அதே மாதிரி சேலை எங்க கிடைச்சது?"

"அதே சேலைதான், தம்பி. அவன் கிழிச்சுக்கிட்டுப் போனது போக மிச்சம், எங்க வீட்டுப் பெட்டியில இருந்துச்சு."