பதினொரு வரி

குருமன்காட்டு வீட்டின் முன்னறையில் இருந்த அந்தப் பெட்டியைக் கண்டதும் நவ்பருக்குச் சிரிப்பு வந்தது.

பழைய கொம்பியூட்டர் ஒன்று. மூடி இல்லை. உள்ளே காற்றாடி கரகரத்துக்கொண்டிருந்தது. நெற்றியில் ஒட்டியிருந்த பிளாஸ்ரரில் ‘அகத்தியர்’ என்று எழுதியிருந்தது. இதுதான் வீட்டுச் சேர்வராம். வீட்டில் இருப்பதோ இரண்டே இரண்டு பேர்.

செய்தவர் மயில்வாகனத்தார். தொலைபேசிக் கந்தோரில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். வவுனியாவில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் எவனுக்கும் ஒன்றும் தெரியாது என்று, நவ்பரின் கடைக்குள் நின்றே சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனவர்.

இன்று அவர் கிளினிக்குக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து நவ்பரைக் கூப்பிட்டது அவருடைய மனைவி, அன்னபாக்கியம் ரீச்சர்.

இன்ரநெற்றில் மற்றப் பக்கங்கள் எல்லாம் திறக்கின்றன, சில பக்கங்கள் மட்டும் ஒரு மாதமாகத் திறப்பதில்லை என்றார் ரீச்சர். கேட்டால் லைனில் பிழை என்கிறாராம் அவர்.

லைனில் பிழை. தன் பிழையை ஒத்துக்கொள்ளாதவர்கள் எல்லோரும் சொல்கிற கதை.

நவ்பர் ரீச்சரின் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தான். கொம்பியூட்டருக்குப் பெயர் விளங்காது, எண்தான் விளங்கும். ஒரு பக்கத்தின் பெயரை அடித்தால், இதற்கு எந்த எண் என்று அது அகத்தியரைக் கேட்கும். அகத்தியர் சொல்கிற இடத்துக்குத்தான் போகும்.

திறக்காத பக்கம் ஒன்றின் பெயரை அடித்துப் பார்த்தான். கண்மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. கடல் தாண்டிப் போய்வர வேண்டிய கேள்வி மேசையை விட்டே இறங்கவில்லை. கேட்ட கொம்பியூட்டரின் சொந்த எண்ணையே அதற்குத் திருப்பிக் கொடுத்திருந்தார் அகத்தியர்.

கடைக்குப் போன் எடுத்து அந்தப் பக்கத்தின் சரியான எண்ணைக் கேட்டு, அதை அடித்தான். அங்கிருந்து ஒழுங்காக மறுமொழி வந்தது.

லைனில் ஒரு பிழையும் இல்லை. பிழை அகத்தியரின் தலைக்குள்.

கடவுச்சொல்லை எழுதிய துண்டு கீபோர்ட்டுக்கு அடியிலேயே ஒட்டியிருந்தது. முப்பது வருட அனுபவம்.

பெயர்களுக்கு எண் எழுதி வைக்கிற கோப்பைத் திறந்தான். பதினொரு வரி. ஒவ்வொரு வரியிலும் ஒரு பக்கத்தின் பெயர், அதற்கு எதிரே எங்கேயும் போகாத அந்த எண். கை தவறி வந்ததல்ல. நேரம் எடுத்து, ஆறுதலாக இருந்து அடித்தது.

ஆறு செய்திப் பக்கங்கள். ஐந்து மரண அறிவித்தல் பக்கங்கள்.

நவ்பருக்கு விளங்கிவிட்டது. சோதனைக்கு வருகிற ஆமிக்காரர் கொம்பியூட்டரைத் தட்டிப் பார்ப்பார்கள் என்று பயம். கடைக்குள் அவ்வளவு வாய் காட்டிய மனிதர் கடைசியில் ஒரு தொடைநடுங்கி. செய்திக்குத்தான் பயம் என்றாலும் பரவாயில்லை. மரண அறிவித்தலுக்குமா?

பதினொரு வரியையும் ஒரேயடியாக அழித்தான். ஒரு பிரதி எடுத்து வைக்கக்கூட அவன் அதை மதிக்கவில்லை.

“ஐயாதான் பதினொரு வரி எழுதிப் பூட்டி வைச்சிருக்கிறார், அழிச்சிட்டன். இனிப் பாருங்கோ ரீச்சர்.”

ரீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். செய்திப் பக்கங்கள் ஒன்றையும் அவர் தேடவில்லை. மரண அறிவித்தல் பக்கத்தைத் திறந்து, கார்த்திகை மாதத்துக்குப் போனார்.

ஒரு பெண்ணின் படம். முப்பது வயது இருக்கும். நிரோஜா, ஆசிரியை, முரசுமோட்டை. அகால மரணமடைந்தார். மயில்வாகனம் அன்னபாக்கியம் தம்பதிகளின் அன்பு மகளும்.

சண்டையால் முரசுமோட்டைக்குப் போகிற பாதை மூடி இரண்டு வருடத்துக்கு மேல். பாதைக்கு அந்தப் பக்கம் அவர்களுக்கு ஒரு மகள் இருந்தது நவ்பருக்குத் தெரியாது.

ரீச்சர் அழவில்லை. கட்டுரை திருத்துகிறவரைப் போல மேலிருந்து கீழ்வரை வாசித்தார். பிறகு படத்துக்குத் திரும்பி வந்து, முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“எனக்கு முதலே தெரியும் தம்பி. கனடாவில இருந்து தங்கச்சி போன் எடுத்தவள், என்ரை குரலைக் கேட்டதும் வைச்சிட்டாள். படத்தை ஒருக்காப் பாக்கோணும் எண்டுதான் உங்களைக் கூப்பிட்டனான்.”

பக்கத்தை அவரே மூடினார்.

“இனி அந்த வரியளைத் திரும்பப் போட்டுவிடுங்கோ. எனக்குத் தெரியாது எண்ட நினைப்பிலதான் அவர் ஒரு வாய் சாப்பிடுறார்.”

நவ்பருக்கு இரண்டு பெயருக்கு மேல் நினைவில் இல்லை. ரீச்சருக்குப் பதினொன்றும் மனப்பாடம், ஒரு மாதமாக அடித்துப் பார்த்த பெயர்கள். அவர் ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்ல, அவன் அடித்தான்.

நாலாவது பெயரை அடிக்கும்போதுதான் அவனுக்கு அது உறைத்தது. எதைப் பூட்டுவது என்று தெரிய, அந்த மனிதர் முதலில் அதைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாக. பதினொரு தரம்.

அவன் படலையைத் திறக்க, வெளியே மயில்வாகனத்தார் சைக்கிளை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார். அவனுடைய பையைக் கண்டதும் அவர் முகம் வெளிறிப் போனது. அவனைப் பார்க்கவில்லை, முன்னறை யன்னலைத்தான் பார்த்தார்.

“என்ன, பிழையைக் கண்டுபிடிச்சிட்டீரோ?”

“இல்லை ஐயா. எவ்வளவோ பாத்தன், எனக்குப் பிடிபடேல்ல.”

அவர் சைக்கிளைப் பிடித்தபடி மூச்சை விட்டார். பிறகு வீட்டுக்குள் கேட்கும்படி உரத்துச் சிரித்தார்.

“கேட்டீரே பாக்கியம், கடை வைச்சிருக்கிறவருக்குப் பிடிபடேல்லையாம்.”

உள்ளே ரீச்சரும் சேர்ந்து சிரிப்பது நவ்பருக்குக் கேட்டது.