கயிற்றின் மறுநுனி

ஒச்சப்பன் நார்க்கயிற்றை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மறுநுனியை என் கையில் கொடுத்தான்.

அதுவரை எனக்கு உயிரே இல்லை. கயிறு யார் கைக்குப் போகுமோ என்று மலை ஏறும் வழியெல்லாம் அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மதராஸிலிருந்து வந்திருந்த மூன்று சார்மாரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நான் ஆள் நோஞ்சான்தான்; வலது கால் வேறு சூம்பல்.

சிறுமலையின் வடக்குச் சரிவில் இருக்கிறது கூகைப் பாறை. செங்குத்தாக இருநூறு அடி. உச்சியில் நின்றால் திண்டுக்கல் மலைக்கோட்டை கவிழ்த்த சட்டி மாதிரி தெரியும். அதில் கயிறு கட்டி இறங்கி, மறுபடி ஏறி வர வேண்டும் என்று சார்மாருக்கு ஆசை. அறுபத்திரண்டாம் வருடத்திலேயே நைலான் கயிறு, ஆணி வைத்த பூட்ஸ், கேமரா எல்லாம் வைத்திருந்தார்கள். வழி காட்ட யார் இருக்கிறார்கள் என்று திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் விசாரித்ததற்கு நாலு பேரும் ஒச்சப்பன் பெயரைத்தான் சொன்னார்களாம். பின்னே, வேறு யார் பெயரைச் சொல்வார்கள்?

முதலில் அவன் இறங்கி, கால் வைக்கத் தோதான இடங்களைப் பார்த்து வர வேண்டும். பிறகு அவர்கள்.

தொப்பி போட்டிருந்த சார், மூட்டை சுமந்து வந்த காத்தமுத்துவைக் காட்டி, கயிற்றை அவன் பிடிக்கட்டுமே என்றார். காத்தமுத்துக்கு வண்டிமாட்டுத் தோள்.

ஒச்சப்பன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். காத்தமுத்து வேறு பக்கம் பார்த்தான்.

அப்படியானால் பாறையில் ஓர் இரும்பு ஆணியை அடித்துக் கட்டிவிடலாம், அது விடவே விடாது என்றார் தொப்பிக்காரர்.

"அந்த ஆணி எனக்குத் தங்கச்சியக் கட்டிக் குடுத்திருக்காய்யா?" என்றான் ஒச்சப்பன்.

அவர்களுக்குப் புரியவில்லை. நான்தான் விளக்கினேன். தேனெடுக்கிற எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. பாறையில் இறங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியோடு பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். பெற்ற அப்பனைக்கூட நம்ப மாட்டோம். கூடப் பிறந்தவள் தாலி அறுக்க எவன் சம்மதிப்பான்? என் தங்கை சிவனம்மாளை ஒச்சப்பன் கட்டிய நாளிலிருந்து, பதினோரு வருடமாக அந்தக் கயிறு என் கையில்தான்.

சார்மார் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பது எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

ஒச்சப்பன் நாற்பது அடி இறங்கியிருப்பான். பாறை மூக்குக்குக் கீழே மலைத்தேனீ அடைகள் முறம் முறமாகத் தொங்கின. அதுகளைச் சீண்டாமல் ஒதுங்கிப் போக அவனுக்குத் தெரியும்.

பருந்துக்குத் தெரியாதே. எங்கிருந்தோ ஒரு தேன்பருந்து இறக்கையை ஒடுக்கிக்கொண்டு வந்து அடையில் காலால் ஒரே அறை. ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு அது பாட்டுக்குப் போய்விட்டது.

ஈக்கள் எங்களைப் பார்த்து எழும்பின.

காத்தமுத்து கம்பளியை விரித்து, மூன்று பேரையும் தரையோடு அமுக்கி மூடி, தானும் உள்ளே புகுந்துகொண்டான். சரியான காரியம்தான். அது அவன் வேலை.

என் வேலை கயிறு.

இமையில் கொட்டியது, உதட்டில் கொட்டியது, காதுக்குள் ஒன்று புகுந்தது. ஒரு கையை எடுத்து முகத்தைத் தட்டிவிட்டால் போதும், கீழே இருப்பவன் போய்விடுவான். சூம்பிய காலைப் பாறை வெடிப்பில் செருகிக்கொண்டேன். அந்தக் கால் உருப்படியாக உதவுவது இதற்கு ஒன்றுக்குத்தான். வெடிப்புக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கும்.

கயிறு இரண்டு முறை வெட்டி இழுத்தது. ஏறுகிறான் என்று அர்த்தம். அவன் ஒரு முழம் ஏற, நான் ஒரு முழம் சுருட்டினேன். ஒரு விரற்கடைகூடத் தளர விடவில்லை.

கடைசியில் விளிம்பில் அவன் கை தெரிந்தது. மேலே வந்து விழுந்தான். இரண்டு பேர் முகமும் பணியாரமாக வீங்கிவிட்டது.

"செத்த நேரம் உக்காரு, மச்சான்" என்றான்.

ஈக்கள் அடங்கியதும் கம்பளிக்குள்ளிருந்து தொப்பிக்காரர் வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். தோல் உரிந்து கிடந்தது. உன் தங்கை கொடுத்து வைத்தவள் என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அம்மாடி, அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை.

சிவனம்மாள் பிரசவத்தில் போய் மூன்று வருடம் ஆகிறது என்று அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

அந்த வருடத் தை மாதம்தான் ஒச்சப்பன் மறுதாலி கட்டினான். முறைப்படி அன்றோடு கயிறு என் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். அதை வாங்கிக்கொள்ளத்தான் புதுப் பெண்ணின் அண்ணன் காத்தமுத்து, சார்மாரோடு மலை ஏறப் புறப்பட்ட அன்று விடியும்போதே வந்து வாசலில் நின்றான்.

என் மாப்பிள்ளை அவனிடம் மூட்டையைக் கொடுத்தான்.