மடிப்புக்குள் சிவப்பு

ராணி ஒருத்தி உடுத்திய பட்டுக் கவுன் அது. இருநூறு வருஷம் அருங்காட்சியகத்தின் ஜன்னலோரம் கண்ணாடிக்குள் நின்று, தொட்டால் உதிர்கிற நிலைக்கு வந்துவிட்டது. அதைப் பெட்டியில் வைத்துவிட்டு, அதே போல் புதிதாக ஒன்று தைத்து நிறுத்தச் சொன்னார்கள்.

தையற்காரி அமலோற்பவம் இரண்டு பட்டுத் துணிகளை மேஜையில் விரித்தாள். ஒன்று சிவப்பு, மற்றது சருகு நிறம்.

"நான்தான் உங்க நிறம்" என்றது சருகுத் துணி.

"இல்ல. நான் சிவப்பா இருந்தவ. வெயில்ல வெளுத்துத்தான் இப்படி ஆயிட்டேன்" என்றது கவுன்.

"அதை அவகிட்டச் சொல்லுங்களேன்" என்று சிவப்புத் துணி கெஞ்சியது.

மனிதருக்குக் கேட்கும்படி சொல்ல, கவுனுக்கு வாய் ஏது? தன் கீழ் ஓரத்துத் தையலை விட்டுக்கொடுத்தது. மடிப்பு விரிந்தது. வெயிலே படாத உள்பக்கம் குங்குமமாகச் சிவந்திருந்தது.

அமலோற்பவம் அதை விரலால் தடவினாள். சிவப்புத் துணியை ஒட்டிவைத்துப் பார்த்தாள். அச்சாக அதே நிறம்.

"இப்படித் தச்சா பழசுன்னு எவன் நம்புவான்?" என்று முணுமுணுத்தாள். மடிப்பைத் தைத்து மூடிவிட்டு, சிவப்புத் துணியைச் சுருட்டி வைத்தாள்.

வேலை முடிந்த அன்று, பொம்மைமேல் நின்ற புதுக் கவுன் பெட்டியை எட்டிப் பார்த்துக் கேட்டது.

"அம்மா, நான் உங்கள மாதிரியே இருக்கேனா?"

பழையது அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தது.

"இருக்கே, கண்ணு. என் கடைசி நாளை உரிச்சு வச்ச மாதிரி இருக்கே."